பரிசாகத் தைத்துக் கொடுக்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கும் நாள்களில் எங்கள் துணிக்கடைக்கு வருவோரில் கணிசமானோர், பேத்திக்கு, தோழிக்கு, அண்மையில் குழந்தை பெற்ற உறவுக்காரப் பெண்ணுக்கு என்று, தாமே தைத்துப் பரிசளிப்பதற்காகத் துணி கேட்கிறார்கள். யாருக்கு, என்ன தைக்கப்போகிறீர்கள் என்று விசாரித்த பின்னரே நாங்கள் துணியை வெட்டுகிறோம். சில வேளைகளில் கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக் காட்டவும் செய்கிறோம். இந்த வழக்கத்தின் காரணத்தை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

பெறுகிறவருக்குத் தெரியாமல் தைக்க வேண்டும் என்பதே பெரும்பாலானோரின் ஆசை. அளவெடுக்காமல் ரவிக்கை தைப்பது தேர்ந்த தையற்காரருக்கும் ஆகாத காரியம். தோளும் கைக்குழியும் பொருந்தாத ரவிக்கை எவ்வளவு உயர்ந்த துணியில் இருந்தாலும் பீரோவை விட்டு வெளியே வராது. ஆகவே, ஓரிரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பயன்படும் பொருள்களையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

அவற்றுள் சிறுமியருக்கான பருத்திப் பாவாடையே எங்கள் முதல் தேர்வு. இடுப்பளவு 22 அங்குலம் இருக்கக்கூடிய ஆறு வயதுப் பெண்ணுக்கு, 44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியில் 1 மீட்டர் போதும். பன்னாவையே பாவாடையின் சுற்றாகக் கொண்டு, பிரியாதபடி நெய்த ஓரமான கரையோடு கரை சேர்த்து ஒரே ஒரு தையல் போட்டால், உள்ளே பிசிறு வரவும் இடமில்லை. மேலே மடித்துத் தைத்த பட்டையில் 20 அங்குல எலாஸ்டிக்கைக் கோத்து, கோத்த வாயைத் தைத்து மூடாமல் விட்டுவிட்டால், இடுப்பு இறுக்கமாகவோ தளர்வாகவோ இருப்பின் குழந்தையின் தாயே சரிசெய்துகொள்ள முடியும். நீளத்தில் மிஞ்சும் துணியை வெட்டிவிடாமல், பட்டுப் பாவாடைக்குச் செய்வதுபோல இரண்டு டக் (குறுக்கே மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்து வையுங்கள். பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். டக்கை மட்டும் சற்று நீளமான தையலாகப் போட்டால் பிரிப்பது எளிது. அடர்ந்த நிறத் துணியில் டக்கைப் பிரித்தால், வெயிலும் சலவையும் படாமல் மடிப்புக்குள் இருந்த பகுதி தனிப் பட்டையாகத் தெரியும் என்பதால், இதற்கு வெளிர் நிறங்களையே காட்டுகிறோம்.

பச்சிளங்குழந்தைக்கு ஜப்லா என்னும் தளர்வான சட்டை தைக்க வருவோரிடம் நாங்கள் சற்றுக் கண்டிப்பாகவே நடந்துகொள்கிறோம். சரிகைக் கரை, நெட் துணி, முத்து வைத்த லேஸ் ஆகியவை பார்க்க அழகாக இருந்தாலும் குழந்தையின் தோலை உறுத்துவன. வாயில் போகக்கூடிய பொத்தான்களும் வேண்டாம். மெல்லிய, மென்மையான பருத்தியான மல் துணியை எடுத்து, தையலின் பிசிறு வெளிப்பக்கம் வரும்படி தைத்து, அதன்மேல் மெல்லிய பைப்பிங் (ஓரத்தை மூடும் துணிப் பட்டை) வைத்து மூடினால் உட்புறம் வழவழப்பாக இருக்கும். முன்பக்கம் திறப்பு வைத்து, நாடாவைக் கழுத்தில் வைக்காமல் மார்புப் பகுதியில், குட்டையாக வையுங்கள். பிறந்த குழந்தையின் மார்புச் சுற்று ஏறத்தாழ 13 அங்குலம்தான் என்றாலும், முதல் ஐந்து மாதங்களுக்குள் எடை இரு மடங்காகிவிடுவதால், 18 அங்குலச் சுற்றுக்குக் குறைவாக வெட்ட வேண்டாம்.

பெரியவர்களுக்கு என்றால் துணிப்பையே போதுமானது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டதற்குப் பிறகு, கடைக்குப் பையோடு போவது மீண்டும் பழக்கமாகி வருகிறது. 44 அங்குலப் பன்னாவில் அரை மீட்டர் எடுத்து, 15க்கு 18 அங்குலத்தில் இரண்டு துண்டுகளும், கைப்பிடிக்கு 4 அங்குல அகலப் பட்டைகள் இரண்டும் வெட்டினால், 14க்கு 16 அங்குலப் பை ஒன்று கிடைக்கும். மீதத் துணியில் ஒரு சுருக்குப்பையும் தைக்கலாம். அதில் இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து முழுச் சுற்றாகக் கோத்தால்தான் வாய் இரு புறமும் சீராகச் சுருங்கும்.

எதைத் தைப்பதானாலும், வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்த வேண்டும் என்பதை நாங்கள் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துகிறோம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கஞ்சி போடப்பட்டு இழுத்துக் கட்டப்பட்ட நிலையில் நெய்யப்படுவதால், முதன்முறை தண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளர்ந்து துணி சுருங்குகிறது. சாதாரணப் பருத்தியில் இது நூற்றுக்கு 3 முதல் 5 வரை இருக்கும், அதாவது 1 மீட்டருக்கு 2 அங்குலம் வரை குறையலாம். நனைக்காத பருத்தியில் பை தைத்து, உள்ளே பாலியெஸ்டர் லைனிங் கொடுத்தால், முதல் சலவையில் வெளித்துணி மட்டும் சுருங்கி, லைனிங் சுருங்காமல் புடைத்து நிற்கும். பருத்தி நாடாவும் சுருங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அதையும் சேர்த்தே நனையுங்கள். ஓர் இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் போதும். கருஞ்சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் தனியாகவே நனையுங்கள்.

ஊசியைப் பொறுத்தவரை, மல் துணிக்கு 11ஆம் எண், பாப்ளின் போன்ற நடுத்தரத் துணிக்கு 14, பைக்கான கெட்டித் துணிக்கு 16 பொருந்தும்.

தீபாவளி ஐப்பசி மழைக் காலத்தில் வருவதால், ஊறவைத்த துணி காய்வதற்கே கூடுதல் நாள்கள் ஆகும். ஆகவே பண்டிகைக்கு மூன்று வாரங்களுக்கு முன்பாகவே துணி எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். வெட்டிக் கொடுத்த துணியை நாங்கள் திரும்பப் பெறுவதில்லை. பிரிக்காத நூற்கண்டு, எலாஸ்டிக், நாடா ஆகியவற்றை ரசீதுடன் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்