கிரவல் வெட்டிய நிலமும் மேல்மண்ணும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பைச் சுற்றித் தாழ்வான காணி வாங்கி வீடு கட்டுபவர் எவரும் முதலில் விசாரிப்பது, பள்ளம் நிரப்பவும் வீதி போடவும் பயன்படும் செந்நிறச் சரளை மண்ணான கிரவலின் விலையைத்தான். பாதுக்க, ஹங்வெல்ல, ஹோமாகம பக்கத்துச் சிறு குன்றுகள் வெட்டப்பட்டு, கியூப் கணக்கில் விலை பேசப்பட்டு, டிப்பர்களில் வந்து சதுப்பு நிலங்களை நிரப்புகின்றன. 2018ஆம் ஆண்டில் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தைப் பெற்ற ஒரு நகரத்துக்காக மேடு, பள்ளம் இரண்டும் ஒரே நேரத்தில் அழிவதைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுதலாம். இப்போது நான் கேட்க விரும்புவது, வெட்டி முடிந்த அந்த மேட்டுக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டுமே.

வீதி வேலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில்நுட்ப உத்தியோகத்தராகக் கடமையாற்றியவன் நான். அண்மையில் பாதுக்கப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் வசிக்கும் எனது ஒன்றுவிட்ட அக்காவைப் பார்க்கச் சென்றிருந்தேன். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயன்களுக்குப் பின்னால் இருந்த குன்றில் பாதி இல்லை. அகழ்வு நின்று பல ஆண்டுகள் கழிந்தும் வெட்டுமுகம் செங்குத்தாகவும் வெறுமையாகவும் நிற்கிறது. நட்டதாகக் காட்டுவதற்கு நட்ட தேக்கங்கன்றுகள் காய்ந்த குச்சிகளாக நிற்கின்றன. மழை பெய்தால் செந்நீர் நேரே கிணற்றில் இறங்குகிறது. குடிதண்ணீருக்காக அக்கா இப்போது அடுத்த பிரிவு வரை நடக்கிறார்.

அங்கே ஏன் எதுவும் முளைக்கவில்லை என்பதை அந்த மண்ணின் தன்மையே சொல்லிவிடும். வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில் பாறை நெடுங்காலம் சிதைந்து, கரையக்கூடியவை எல்லாம் கரைந்துபோக, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் மிஞ்சி உருவான படையே நமது கிரவல். வெளியே திறந்துவிடப்பட்டால் அது நனைந்தும் காய்ந்தும் மேலும் இறுகும். செடிக்குத் தேவையான பொசுபரசையும் தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்ளும். வீதிக்கு அடித்தளமாக அதை நாங்கள் விரும்பியதற்குக் காரணமான இறுக்கமே வேருக்குத் தடையாகிறது. அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குப் படிந்திருந்த கருமண்ணில்தான் விதைகளும், மக்கிய இலைதழைகளும், வேர்களோடு வாழும் பூஞ்சைகளும் இருந்தன. மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் முதல் நாளிலேயே வழித்தெடுத்து, ஓரத்தில் தள்ளியோ பூந்தோட்டங்களுக்கு விற்றோ ஒழிப்பதும் அந்த மண்ணைத்தான்.

ஆகவே, மீள்பசுமையாக்கம் என்பது அகழ்வு முடிந்தபின் தொடங்கும் வேலையாக இருக்க முடியாது. மேல்மண்ணைத் தனியே எடுத்து, இரண்டு மீற்றருக்கு மேற்படாத குவியல்களாக வைத்து, உள்ளிருக்கும் உயிர் சாகுமுன், முடிந்தால் ஓராண்டுக்குள், அகழ்ந்து முடிந்த பகுதியில் பரப்பிவிட வேண்டும். ஒரு பகுதியை வெட்டிக்கொண்டே முந்திய பகுதியை மூடி வந்தால் இது பெருஞ்செலவான காரியமன்று. பரப்புவதற்கு முன், டிப்பர்கள் ஓடி இறுகிய தரையை அரை மீற்றர் ஆழத்துக்கேனும் கீறிவிட வேண்டும். செங்குத்து முகத்தைச் சரித்து, மேல் விளிம்பில் வடிகான் வெட்ட வேண்டும். இவை இல்லாமல் கன்று நடுவது வீண் வேலை.

எதை நடுவது என்பதில் தோட்டத் தொழிலாளரின் அறிவு நமக்கு உதவும். இளம் இறப்பருக்கிடையே மூடுபயிராக அவர்கள் வளர்த்த பியூரேரியாக் கொடி, மண்ணை மூடி நைதரசனையும் சேர்க்கும். ஆனால் கவனியாது விட்டால் கன்றுகளையே மூடிவிடும். வட்டக்கண்ணி போன்ற மரங்கள் திறந்த வெயிலில் தாமே வரும். காட்டு மரங்களுக்கோ இளமையில் நிழல் வேண்டும். சிங்கராஜ வனத்தின் ஓரத்துப் பைன் தோட்டங்களில், பைன் வரிசைகள் சிலவற்றை அகற்றி இடையே நாட்டு மரங்களை நட்டு வளர்த்துப் பார்த்த நமது ஆய்வாளர்கள் இதை நன்கு காட்டியிருக்கிறார்கள். வெட்டவெளியில் ஒரே நாளில் ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுப் படமெடுப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின் கீழ் கிரவல் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்; அகழ்ந்த நிலத்தைச் சீர்செய்வது அதைப் பெற்றவரின் பொறுப்பு; அதற்காகப் பிணை வைப்பும் பெறப்படுகிறது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேளை மாற வேண்டும் என்பதே அதிகாரிகளிடம் எனது கோரிக்கை. நட்ட கன்றுகளை எண்ணிப் பார்த்துக் கொடுக்காமல், இரண்டு தென்மேல் பருவப்பெயர்ச்சி மழைகள் கழிந்தபின் எத்தனை உயிரோடு நிற்கின்றன, மண்ணரிப்பு நின்றதா என்று பார்த்துக் கொடுங்கள். அகழ்வு தொடங்குமுன் மேல்மண் குவிக்கப்படும் இடத்தை வரைபடத்தில் குறித்து, குழி வாயிலில் தமிழிலும் சிங்களத்திலும் அதைக் காட்டும் பலகை வையுங்கள். அயலில் வாழ்பவர்கள் தங்கள் கண்ணாலேயே கணக்குப் பார்ப்பார்கள்.

அக்காவின் லயனுக்குப் பின்னாலுள்ள மேட்டுக்கு அந்தப் பழைய மேல்மண் இனிக் கிடைக்காது. ஆயினும், ஒக்டோபர் மழைக்கு முன் மேல் விளிம்பில் ஒரு வடிகானை வெட்டி நீரைத் திருப்பிவிட்டால் அந்தக் கிணற்றையாவது காப்பாற்றலாம். பெக்கோ ஒன்றுக்கு அது ஒரு நாள் வேலை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06