கடைமடையிலிருந்து நடந்து வாருங்கள்

எங்கள் வாய்க்காலைச் சீரமைக்க முடியுமா என்று பார்க்க வரவிருக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் கடைசி மடையில் பயிர் வைப்பவன். போன முறை வந்த குழு, வாய்க்கால் காய்ந்து கிடந்த நேரத்தில் வந்தது. வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் வண்டியை நிறுத்தினார்கள், இரண்டு மதகுகளைப் படம் எடுத்தார்கள், இத்தனை மீட்டர் கான்கிரீட் என்று குறித்துக்கொண்டு கிளம்பினார்கள். என் வயல் பக்கம் யாரும் வரவில்லை. அப்புறம் கான்கிரீட் வந்தது, தண்ணீர் வரவில்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். தண்ணீர் ஓடும்போது வாருங்கள், கடைமடையிலிருந்து மேலே நடந்து வாருங்கள். வாய்க்காலின் நோய் காய்ந்த மண்ணில் தெரியாது.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். நேரான இடமாகப் பார்த்து 20 மீட்டர் குறித்து, ஒரு காய்ந்த குச்சியை மிதக்க விடுங்கள். அது 40 நொடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு அரை மீட்டர். அடித்தண்ணீர் மெதுவாகப் போகும் என்பதால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 0.4 மீட்டர் என்று வையுங்கள். அகலம் 1 மீட்டர், ஆழம் 0.4 மீட்டர் என்றால் நொடிக்கு 160 லிட்டர். இதே கணக்கைத் தலைமடையிலும் கடைமடையிலும், நடுவில் உள்ள மடைகளை எல்லாம் அடைத்துவிட்டு, போட்டுப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் குறைகிறது என்று அப்போது தெரிந்துவிடும். அது கசிவா, யாரோ இரவில் வெட்டிய உடைப்பா என்பது கரையோரம் நடந்து பார்த்தால் தெரியும். இரண்டாவதற்குச் சிமெண்ட் மருந்தில்லை.

கசிவுதான் என்றால், சந்தேகமான பகுதியை இரு பக்கமும் மண்ணால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு நாளில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். ஆவியாவதைக் கழித்துக்கொள்ளுங்கள். முழு நீளத்துக்கும் பூச்சு வேண்டுமா, மோசமான 200 மீட்டருக்கு மட்டும் போதுமா என்பது அந்த அளவில் கிடைத்துவிடும். அந்தக் கசிவை நம்பித்தான் பக்கத்துக் கிணறுகள் ஊறுகின்றனவா என்றும் விசாரியுங்கள். வாய்க்கால் கசிவை அடைத்துக் கிணற்றை வற்றவிட்டால் அது என்ன லாபம்?

கரை வெளிப்புற அடியில் ஈரம் கசிகிற இடத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம். கலங்கலாக வந்தால் கரை மண்ணே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. அங்கே மேலே பூசுவது வீண். வெட்டி எடுத்து, களிமண் இட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

மதகுகளில் பலகை ஏறி இறங்குகிறதா, திருகுக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது உங்களுக்குக் கைவந்த வேலை. அதை விடுகிறேன். நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு.

நேபாளத்தில் விவசாயிகளே நடத்தும் பாசனங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர். ஆண்டுதோறும் உடைகிற மண், கல் அணையைக் கட்டத் தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரன் உழைப்பு தேவைப்படுகிறது, பதிலுக்குத் தண்ணீர் கீழே வருகிறது. நிரந்தரக் கான்கிரீட் அணை வந்துவிட்டால் மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவன் தேவையில்லை. பேரமும் போச்சு, தண்ணீரும் போச்சு. அவரும் கூட ஆராய்ந்தவர்களும் கண்டது இதைத்தான். எங்களிடமும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது.

ஆகவே அறிக்கையில் இன்னொரு பக்கம் சேருங்கள்: பழுது பார்த்த பிறகு யார் தூர்வாருவார்கள், மதகின் சாவி யாரிடம் இருக்கும், தண்ணீர் முறை தவறினால் யார் தட்டிக் கேட்பார்கள். எங்களிடம் பதில் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம். தலைமடை ஆட்களையும் எங்களையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இருவரும் உண்மை பேச மாட்டோம்.

தண்ணீர் திறந்து மூன்றாம் நாள் காலையில் வாருங்கள். கடைசி மடையில் நிற்பேன். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடைக்காரன்