ஸ்பீக்கரை மாற்றிவிடாதீர்கள், சற்றுப் பொறுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல். தந்தையார் பேசிய பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றி, சொல் சொல்லாகக் கேட்டு எழுதி வருகிறீர்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அவர் குரல் தாழும் இடங்களிலெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து எழும் இரைச்சல் சொற்களை விழுங்கிவிடுவதாகவும், அதனால் ஸ்பீக்கரையே மாற்றிவிடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒரு வாரம் மட்டும் பொறுத்திருங்கள். நாடாவை நிறுத்திய பிறகும் இரைச்சல் தொடர்கிறது என்கிறீர்கள். ஆகவே அது நாடாவில் பதிந்ததன்று. மவுஸை நகர்த்தும்போது அதன் சுருதி மாறுகிறது என்றும் சொல்கிறீர்கள். ஆகவே பெரும்பாலும் அது ஸ்பீக்கரின் குற்றமும் அன்று. புதியதை வாங்கி அதே முறையில் இணைத்தால் அதிலும் அதே கீச்சொலி கேட்க வாய்ப்புண்டு.

உங்கள் ஸ்பீக்கருக்கு மின்சாரம் யுஎஸ்பி கேபிள் வழியாகவும், ஒலி 3.5 மி.மீ. பின் வழியாகவும் ஒரே மடிக்கணினியிலிருந்து செல்வதாக எழுதியிருந்தீர்கள். நான் முதலில் சந்தேகிப்பது இந்த இணைப்பைத்தான். மவுஸ் நகரும்போதும் திரையில் பக்கம் உருளும்போதும் கணினிக்குள் பிராசஸரும் கிராபிக்ஸும் இழுக்கும் மின்னோட்டம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குகிறது. அதனால் உள்ளே கிரவுண்டு என்று நாம் சொல்லும் பொதுக்கம்பியில் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் நடுவே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடுகள் தோன்றிக்கொண்டே இருக்கின்றன. யுஎஸ்பியிலும் கிரவுண்டு உண்டு, ஒலிக் கேபிளிலும் உண்டு; இரண்டும் ஸ்பீக்கரில் போய்ச் சேரும்போது ஒரு வளையம் உருவாகி, அந்த வேறுபாடு ஒலிக் கேபிளின் கிரவுண்டு வழியே ஓடுகிறது. ஒலி திரும்பிச் செல்ல வேண்டிய வழியும் அதுவே என்பதால், எது குரல், எது அழுக்கு என்று பிரித்தறிய ஆம்ப்ளிஃபையருக்கு வழியில்லை. இரண்டையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது.

இதைச் சோதிப்பது எளிது. ஒலிக் கேபிளைத் தொடாமல், யுஎஸ்பி முனையை மட்டும் கணினியிலிருந்து எடுத்துக் கைபேசி சார்ஜர் ஒன்றில் செருகிப் பாருங்கள். கீச்சொலி மறைந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. மறையாமல் வேறு விதமாக ஒலித்தால், அந்தச் சார்ஜரே தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கக்கூடும் என்பதால் இன்னொரு சார்ஜரிலும் பார்த்துவிடுங்கள். அடுத்து, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். பிறகு, சார்ஜரில் இருக்கும் ஸ்பீக்கருக்கு, தனியே பேட்டரியில் இயங்கும் கைபேசி ஒன்றிலிருந்து ஒலியைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் மட்டுமே ஸ்பீக்கரையும் சார்ஜரையும் குறை சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று பிறகு தெரியாது.

நான் அனுபவித்தது வேறு வகை. என் மேசைக் கணினியும் பெரிய ஸ்பீக்கரும் தனித்தனிச் சுவர் பிளக்குகளில் இருந்தன. இரவில் அறை அடங்கியதும் தாழ்ந்த உறுமல் ஒன்று விடாமல் கேட்கும். நாட்டுக்கு ஏற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் வரும் மின்சாரத்தின் குரல்தான் அது. இரண்டு கருவிகளும் எர்த்தில் இணைந்திருக்க, நடுவே ஒலிக் கேபிளும் சேர்ந்து பெரிய வளையமாகிவிட்டிருந்தது. இரண்டையும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் செருகியதும் உறுமல் பாதியாகக் குறைந்தது. மீதியைப் போக்கியது, ஒலிக் கேபிளின் நடுவே வைத்த ஒரு சிறு தடுப்பான். அதற்குள் இடப்பக்க ஒலிக்கு ஒன்றும் வலப்பக்க ஒலிக்கு ஒன்றுமாக இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள் இருக்கின்றன. ஒலி காந்தப்புலத்தின் வழியே கடந்துவிடுகிறது, ஆனால் இருபுறக் கம்பிகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. மலிவான தடுப்பானில் அடித்தொனி சற்று மெலியும். பேச்சுக் குரலுக்கு அது பெரிய இழப்பன்று என்பதால், சோதனையில் கிரவுண்டு வளையம்தான் காரணம் என்று தெரிந்தால் நீங்களும் தயங்காமல் இதைப் பயன்படுத்தலாம்.

ஒன்றை மட்டும் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிட்டால் உறுமல் போய்விடும் என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லலாம். உறுமல் போவது உண்மைதான். ஆனால் உள்ளே ஏதாவது ஒரு கம்பி அறுந்து உலோக உறையைத் தொட்டால், அந்த மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோக இருக்கும் ஒரே வழி அந்த எர்த் கம்பிதான். அதை வெட்டியபின் அந்த வழி தொடுகிறவர் உடல் மூலமாகத்தான் இருக்கும். எந்த இரைச்சலுக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த மற்ற இரண்டும் சிறியவை. வால்யூம் திருகைத் திருப்பும்போது மட்டும் வரும் கரகரப்பு, உள்ளே படிந்த தூசியாலோ தேய்மானத்தாலோ வருவது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் சிறிது தெளித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எப்போதும் கேட்கும் மெல்லிய சீறல் ஆம்ப்ளிஃபையருக்கே உரியது. அதை முற்றிலும் போக்க முடியாது. ஆனால் கணினியில் ஒலியளவை முழுமைக்குச் சற்றுக் கீழே வரை உயர்த்தி, ஸ்பீக்கரின் திருகைத் தாழ்த்தி வைத்தால் குரல் மேலே நின்று சீறல் அடியில் போய்விடும். இப்போது நீங்கள் இதற்கு நேர்மாறாக வைத்திருப்பதாகத் தெரிகிறது. இதை இன்றே மாற்றிப் பாருங்கள். தந்தையாரின் தாழ்ந்த குரலுக்கு இதுவே கணிசமாக உதவும்.

இவற்றையெல்லாம் செய்து பார்க்கும்வரை எழுத்து வேலை தடைப்பட வேண்டாம். கேட்க முடியாத இடங்களை ஹெட்போனில் கேட்டு எழுதுங்கள். ஹெட்போனிலும் அதே கீச்சொலி இருக்கிறதா, சார்ஜரைக் கழற்றியபோது என்ன ஆயிற்று, இந்த இரண்டையும் மறக்காமல் அடுத்த கடிதத்தில் தெரிவியுங்கள். ஹெட்போனிலும் அது கேட்டால் நான் சொன்ன யுஎஸ்பி வளையம் காரணமன்று. கணினியின் ஒலிச் சுற்றை வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும். எழுதி முடித்த பக்கங்களில் ஒன்றிரண்டையும் சேர்த்து அனுப்பினால் மகிழ்வேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்