33-வது கிலோமீட்டரில் நான் நின்றது

அன்புள்ள கண்ணா,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. மராத்தான் ரிசல்ட்டில் என் பெயருக்கு நேராக டி.என்.எஃப், அதாவது ஓடி முடிக்கவில்லை, என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, முடிக்கலையா? என்ன ஆச்சு?" என்றாய். "முட்டி வலிடா, நின்னுட்டேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். "54 வயசுல இதெல்லாம் எதுக்கும்மா, 10 கிலோமீட்டரோட நிறுத்திக்கோ" என்றாய். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் முட்டி நன்றாக இருக்கிறது. அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. நடந்தது வேறு. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் உன்னிடமும் மறைத்தேன். நேற்று அவரே, "புள்ளைகிட்ட சொல்லு. அவனும் முழு மராத்தானுக்குப் பேர் கொடுத்திருக்கான், தெரிஞ்சிருக்கணும்" என்றார். போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துபோய்க் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் என்பது உனக்குத் தெரியும். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா, சரித்திர டீச்சர், எங்களில் இளையவள், அப்புறம் நான். ஆனால் நாங்கள் எப்படி ஓடுவோம் என்று உனக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தொடங்கியபோது என்னால் சேர்ந்தாற்போல் ஒரு நிமிஷம் ஓட முடியவில்லை. ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்றுதான் ஆரம்பித்தோம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில் எங்களுக்கு ஒரே விதிதான்: பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும். பேசப் பேச மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அதற்காகவே டீச்சர் கதை சொல்லிக்கொண்டு வருவார். அவர் வாக்கியம் நடுவில் அறுந்தால் நாங்கள் எல்லாரும் தானாக வேகத்தைக் குறைத்துவிடுவோம். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

கதைகளும் எப்போதும் அதே கதைகள்தான். மராத்தான் ஏன் 42.195 கிலோமீட்டர் என்பது ஒன்று. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் கிளம்பி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அந்தத் தூரம்தான் 1921-இல் நிலையான அளவாயிற்று. "அந்த 195 மீட்டருக்கு ராஜாவைத்தான் திட்டணும்" என்று இளையவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். இன்னொன்று கேத்ரின் ஸ்விட்சர் கதை. பெண்கள் இவ்வளவு தூரம் ஓட மாட்டார்கள் என்று நம்பிய காலத்தில், கே.வி. ஸ்விட்சர் என்று முதலெழுத்துகளில் பெயரைக் கொடுத்து பாஸ்டன் மராத்தானில் இறங்கியவர். சட்டையில் குத்தியிருந்த பிப் எண் 261. அதிகாரி ஒருவர் சாலைக்குள் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். கூட ஓடிக்கொண்டிருந்தவர் அவரை இடித்துத் தள்ளினார். ஸ்விட்சர் ஓடி முடித்தார்.

இந்தக் கதையில் டீச்சர் வருஷத்தை எப்போதும் தப்பாகச் சொல்வார். பெண்களை பாஸ்டன் முறைப்படி சேர்த்துக்கொண்டது 1972-இல். அதையும் இதையும் குழப்பி "72-ல" என்று ஆரம்பிப்பார். "67, டீச்சர்" என்று அக்கா திருத்துவார். மூன்று வருஷமாக இது தவறியதே இல்லை. சரித்திரம் படித்தவரை நர்ஸ் திருத்துவதில் அக்காவுக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காகவே டீச்சர் தப்பாகச் சொல்கிறாரோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சரி, அன்றைக்கு வருகிறேன்.

காலை நாலரைக்கு ஆரம்பம். ஓடி முடிக்க வேண்டிய கட்-ஆஃப் நேரம் ஆறரை மணி நேரம், அதாவது 11 மணி. முதல் 20 கிலோமீட்டர் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. இருட்டில் முன்னால் போகிறவர்களின் காலடிச் சத்தம் மட்டும்தான். 28-இல் டீச்சர் ஸ்விட்சர் கதையை எடுத்தார். "72-ல..." என்றார். பக்கத்தில் அக்காவின் செருமல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டீச்சரும் ஒரு நொடி நிறுத்திப் பார்த்துவிட்டு மேலே சொல்லிக்கொண்டு போனார். களைப்பு என்று நினைத்துவிட்டேன்.

30-இல் பிரிவது எங்கள் ஒப்பந்தம். அதற்குக் காரணம் உண்டு, நீயும் தெரிந்துகொள். ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடை என்றால் முழு மராத்தானுக்கு 2,500 கலோரி. தசையிலும் ஈரலிலும் மாவுச்சத்தாகச் சேமித்து வைக்க முடிவது 2,000 கலோரி அளவுக்குத்தான். அது தீரும் இடம்தான் எல்லாரும் "சுவர்" என்று சொல்லும் இடம், பெரும்பாலும் 30-ஐத் தாண்டி வரும். அங்கே இன்னொருவருக்காகத் தன் வேகத்தைக் கூட்டினாலும் கஷ்டம், குறைத்தாலும் கஷ்டம். அதனால் 30 வரை சேர்ந்து, அப்புறம் அவரவர் ஓட்டம் என்று பேசி வைத்திருந்தோம். அதன்படி டீச்சரும் இளையவளும் போய்விட்டார்கள். எனக்கும் அக்காவுக்கும் வேகம் ஒன்றுதான் என்பதால் சேர்ந்தே போனோம்.

30-வது கிலோமீட்டர் எய்ட் ஸ்டேஷனில் நானே ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் விட முடியாது. அதற்கு முந்தின ஓட்டத்தில் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டது. தண்ணீர் போதாததால்தான் என்று முடிவு கட்டி, இந்தத் தடவை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டு கோப்பை குடித்துக்கொண்டே வந்தார். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். நிற்கிற பிள்ளைகளும் பாசமாக, "குடிங்கம்மா, வெயில் ஏறுது" என்று கையில் திணித்தார்கள். நல்லதுதானே என்று நானும் சேர்ந்து கொடுத்தேன்.

33-ஐத் தாண்டும்போது மணி ஒன்பதேகால். அக்கா என்னிடம், "21 எப்ப வரும்?" என்று கேட்டார்.

பாதி தூரத்தை நாங்கள் கடந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திரும்பி அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் உப்பி, மோதிரம் சதைக்குள் பதிந்திருந்தது. முகமும் ஊதியிருந்தது. தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றார். கடிகாரத்தில் இதயத் துடிப்பு எப்போதும் போலத்தான் இருந்தது. தாகத்தால் வாடியவர் அப்படி உப்பியிருக்க மாட்டார் என்று மட்டும் எனக்குப் பட்டது. இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான், கண்ணா. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு லாங் ரன்னில், ரத்தத்தில் சோடியம் குறைவதைப் பற்றி மூன்று கிலோமீட்டருக்குப் பேசினார். நீண்ட நேரம் ஓடும்போது சிறுநீரைத் தடுத்து வைக்கும் ஹார்மோன் உடம்பில் கூடும். அந்த நேரத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் அது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் உப்பை நீர்த்துப்போகச் செய்யும். மூளை வீங்கும். உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது என்பதும் அவர் சொன்னதுதான். எங்களைப் போல நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் அபாயம் அதிகம். இவ்வளவும் தெரிந்தவர்தான் கோப்பை கோப்பையாகக் குடித்துக்கொண்டு வந்தார். மற்றவர்களுக்குச் சொல்லும்போது இருக்கும் தெளிவு நமக்கென்று வரும்போது இருப்பதில்லை.

சாலையோரம் நிழலில் அவரை உட்காரவைத்து, சைக்கிளில் வந்த தன்னார்வலரைக் கைகாட்டி நிறுத்தினேன். அவர் வாக்கி டாக்கியில் சொல்ல, பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். அதைத் தட்டிவிடாத குறையாகத் தடுத்தேன்.

அக்காவை ஏற்றியதும் அந்தத் தன்னார்வலர் என்னிடம், "நாங்க பார்த்துக்கறோம்மா, நீங்க போங்க. இன்னும் டைம் இருக்கு" என்றார். உண்மைதான். ஒன்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். முடித்திருப்பேன். ஆறு மாசப் பயிற்சி, எத்தனையோ அதிகாலைகள். யோசிக்கவே இல்லை என்று உன்னிடம் சொன்னால் பொய். யோசித்தேன். ஆம்புலன்ஸ் கதவில் கையை வைத்துக்கொண்டு பத்து விநாடியாவது நின்றிருப்பேன். அக்கா என் டி-ஷர்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தான் பிடித்திருப்பது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை. நான் ஏறிக்கொண்டேன்.

சோடியம் 126 இருந்தது. 135-க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். தண்ணீரை நிறுத்தி, அடர்த்தியான உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி வழியாக ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் என்னைப் பார்த்து, "நீ ஏன் இங்க இருக்கே? ஓடலையா?" என்று கோபப்பட்டார். அந்தக் கோபத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. டீச்சரும் இளையவளும் மெடலைக் கழற்றிப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்கள். அக்காதான் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்த்தார். "67, டீச்சர்" என்று அப்போது சொன்னார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது உன் விஷயம்.

உன் பயிற்சி அட்டவணையைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டிய விதமும் சரி, கடைசி மூன்று வாரம் குறைத்திருப்பதும் சரி. ஆனால் எல்லா ஓட்டமும் தனியாக, காதில் பாட்டோடு. கடிகாரம் எல்லாம் சொல்லிவிடும் என்கிறாய். அன்றைக்கு அக்காவின் கடிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் தப்பாகச் சொன்ன ஒரு வருஷம்தான் முதலில் சொன்னது, அதையும் நான் சரியாகக் கேட்கவில்லை. நீ கொண்டாடுகிற கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 2019-இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினாரே, அன்றைக்கு 41 பேர் முறை மாற்றி மாற்றி அவருக்கு முன்னும் பின்னும் ஓடினார்கள். அப்படி ஓடியதால் அதை உலக சாதனையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ஓட்டத்தில் பிடித்ததே அந்த 41 பேர்தான். கடைசியில் அவரை முன்னே போகவிட்டு, பின்னால் கைதட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டு, அவர்கள் முகங்களை மட்டும் பார்.

உனக்கு 41 பேர் வேண்டாம். ஒருவர் போதும். உன் மூச்சு எப்போது மாறும், நீ எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவாய் என்று தெரிந்த ஒருவர். வேகம் ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர்ந்து ஓடினால் போதும். அப்புறம் லாங் ரன்னுக்கு முன்னாலும் பின்னாலும் எடை பார். கொஞ்சம் குறைந்திருந்தால் பரவாயில்லை. கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறாய். தாகம் எடுத்தால் குடி, ஸ்டேஷன் வந்துவிட்டதே என்று குடிக்காதே.

10 கிலோமீட்டரோடு நிறுத்தச் சொன்னாய். நிறுத்தப் போவதில்லை கண்ணா. டாக்டர் அனுமதித்ததும் அக்காவும் மெதுவாக ஆரம்பித்துவிட்டார். அடுத்த போட்டிக்கு நான்கு பேரும் பெயர் கொடுத்துவிட்டோம். 30-இல் பிரிகிற ஒப்பந்தத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம், இனிமேல் இரண்டு இரண்டு பேராகத்தான் பிரிவது. எனக்கு ஜோடி அக்காதான். அவர் என்ன குடிக்கிறார் என்று நான் எண்ணுவேன், நான் என்ன குடிக்கிறேன் என்று அவர் எண்ணுவார்.

வருகிற ஞாயிறு 18 கிலோமீட்டர். நாலரைக்கு அக்கா வாசலில் வந்து நிற்பார். போன் பண்ணுவதாக இருந்தால் எட்டு மணிக்கு மேல் பண்ணு.

அன்புடன்,
அம்மா