நலமாயிருக்கும் பவளங்களையும் எண்ண வேண்டும்

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம்தானே? கடலடியில் பரவும் நோயைப் பற்றி வரைபடம் என்ன சொல்லிவிடும் என்று கேட்டிருந்தாய்.

2014-இல் மயாமிக்கு அருகே முதன்முதலாகத் தென்பட்ட, பவளங்களின் சதை கழன்றுபோகும் திசு இழப்பு நோய், ஃபுளோரிடாவின் பவளத்திட்டு நெடுகப் பரவி, 2021-இல் மேற்குக் கோடியிலுள்ள டிரை டோர்ட்டுகாஸ் தீவுகள் வரை எட்டிவிட்டது. எந்தக் கிருமியால் வருகிறது என்பது இன்னும் உறுதிப்படவில்லை. ஆகவே நோய் எங்கே தோன்றி எத்திசையில் நகர்கிறது என்பதே எங்களுக்குக் கிடைத்திருக்கும் முக்கியத் தடயம்.

போன வாரம் மூழ்கியபோது, இரு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குப் பெரிய மூளைப் பவளம் ஒன்றைப் பார்த்தேன். ஒரு விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை கழன்று சுண்ணாம்பு வெள்ளையாக எலும்புக்கூடு தெரிந்தது. மற்ற இடமெல்லாம் பழுப்பு நிறத்தில் உயிரோடிருந்தது. பல தலைமுறைக் காலம் வளர்ந்த அந்த உடல் சில மாதங்களில் அழிந்துவிடக்கூடும் என்ற நினைப்பே மனத்தை அறுத்தது.

அளவுநாடாவை விரித்து, நோயுற்றவை, நலமானவை என்ற வேறுபாடின்றி எல்லாப் பவளங்களின் இடத்தையும் குறித்துக்கொண்டோம். புதியவர்கள் நோயுற்றவற்றை மட்டும் குறித்துவிட்டு, அவை கூட்டமாக இருப்பதைக் கண்டு தொற்று என்று முடிவுகட்டுவார்கள். பவளங்களே கூட்டமாகத்தானே வளர்கின்றன! 1970-களில் ரிப்ளி என்ற புள்ளியியலாளர் வகுத்த முறைப்படி, நோயுற்ற ஒவ்வொன்றையும் சுற்றி இத்தனை மீட்டருக்குள் நோயுற்றவை எத்தனை என்று கணக்கிடுகிறோம். பிறகு பவளங்களின் இடத்தை மாற்றாமல், ‘நோய்’ என்ற அடையாளத்தை மட்டும் கணினியில் ஆயிரம் தடவை கலைத்துப் போட்டு, உண்மையான நெருக்கம் அப்படிக் கலைத்ததில் கிடைக்கும் நெருக்கத்தையும் மிஞ்சுகிறதா என்று பார்க்கிறோம். மிஞ்சினால்தான் ஒன்றிலிருந்து அண்டையிலுள்ளதற்கு நோய் தாவியிருக்கலாம் என்று பேச இடமுண்டு. அதிலும் மான்கொம்புப் பவளத்தை இந்நோய் தொடுவதில்லை என்பதால், அதைக் கலைப்பில் சேர்த்தால் கணக்கே பொய்த்துவிடும். இந்த ஒரு கவனத்தைத்தான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்.

கூட்டம் எத்தனை மீட்டரில் தெரிகிறது என்பதைப் பொறுத்தே அடுத்து எங்கே மூழ்குவது என்பதையும் தீர்மானிக்கிறோம். அந்த மூளைப் பவளத்தின் விளிம்பில் அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கலந்த பசையைப் பூசியிருக்கிறோம். பூசிய புண் அடங்கினாலும் வேறிடத்தில் புதிதாகப் புண் வருவதை அது தடுப்பதில்லை. ஆகவே இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய் அதையும் அதன் அண்டையிலுள்ளவற்றையும் மறுபடி அளக்கப்போகிறேன். என்ன கண்டேன் என்று உடனே எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்