நூலகத்தில் அடுத்த மேசையில் இருந்த தம்பிக்கு நன்றி

என் மடிக்கணினியின் இயங்குதளமான லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்திய நாள்முதல், சாளரத்தை நகர்த்தினாலே திரை திணறியது. விசிறி ஓயாமல் இரைந்தது. அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் நீங்கள் எழுந்து வந்தீர்கள். எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுவதே வழி என்று நான் (வழக்கமான அவசரத்தோடு) முடிவுகட்டியிருந்தேன். எந்த நிரல் எவ்வளவு உழைப்பை எடுக்கிறது என்று காட்டும் ‘டாப்’ கட்டளையை இட்டு, திரையை வரையும் நிரலே சிபியுவின் (கணினியின் மையச் செயலியின்) பெரும்பங்கை விழுங்குவதைக் காட்டினீர்கள். கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள், லினக்ஸின் மையக்கருவான புதிய கெர்னலுக்கெனத் தயாராகியிருந்தும், அதன் நம்பகத்தைச் சரிபார்க்க உதவும் கையொப்பச் சாவி கணினியில் பதிவாகாததால், நம்பகம் உறுதியாகாத நிரல்களைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ பாதுகாப்பு அதை ஏற்க மறுத்திருந்தது; ஆகவே அட்டை செய்யவேண்டிய வேலையெல்லாம் எல்எல்விஎம்பைப் என்ற, அட்டையின்றியே படம் வரையும் மென்பொருள் வழியாகச் சிபியுவின் தலையில் விழுந்திருந்தது. மறுதொடக்கத்தில் வந்த நீலத் திரையில் சாவியைப் பதியும்போது, கடவுச்சொல்லை என்னையே தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களே, அந்தப் பண்பை என்னால் மறக்க இயலவில்லை. பெயரைக் கேட்பதற்குள் பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டீர்கள். கட்டளைகளை எழுதித் தந்த உங்கள் பேனா என்னிடம்தான் இருக்கிறது, தம்பி.