துணியில் நிறம் பார், சரசு

கோபி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

நேற்று போனில் பேசினபோது உன் வீடு முழுக்க ஒரம்பரை. நான் சொன்னதில் பாதி உன் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு உன் மகளிடமும் மாப்பிள்ளையிடமும் கொடு.

பேத்திக்கு 23 நாள் ஆயிற்று, கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை, காலை வெயிலில் காட்டுகிறோம் என்றாய். அதற்கு வருகிறேன். முதலில் என் பேரன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று உனக்குப் புரியும்.

அவனுக்கு 10 வயது. போன ஆடியில் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தபோது எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் புண்பட்டால் ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி) 140 என்று வந்தது. 40-க்குள் இருக்க வேண்டியது. முதலில் பார்த்த டாக்டர், பையன் கொஞ்சம் பூசினாற்போல இருப்பதைப் பார்த்து, கொழுப்புக் கல்லீரல்தான், பேக்கரிப் பண்டத்தை நிறுத்துங்கள் என்று அனுப்பிவிட்டார். நாங்களும் பப்ஸ், தேங்காய் பன் எல்லாவற்றையும் நிறுத்தினோம். நாலு மாதம் கழித்துப் பார்த்தால் 150. அந்த நாலு மாதம் வீணாய்ப் போனது இன்னும் என் மனசில் கிடக்கிறது.

அப்புறம் கோவையில் குழந்தைகளின் கல்லீரலை மட்டும் பார்க்கும் டாக்டரிடம் போனோம். ஊசி போட்டுச் சதை எடுப்பார்கள் என்று என் மகள் இரண்டு நாள் தூங்கவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அந்த ஊசியில வர்ற துண்டு, மொத்தக் கல்லீரல்ல ஐம்பதாயிரத்துல ஒரு பங்குதானுங்க. குழந்தைக்கு மயக்கம் கொடுக்கோணும், ரத்தக் கசிவு ஆகாம பாக்கோணும். அதுக்கு முன்னால பாக்க வேண்டியது நெறையா இருக்குதுங்க."

முதலில் ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றதால் பையன் முகம் வாடிப் போயிருந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். விலா இடுக்கில் சில்லென்று ஜெல் தடவி, பேனா போல ஒரு கருவியை வைத்து 'டொக்' என்று ஒரு சுண்டு. அதேபோல பத்து முறை. வலிக்குதா சாமி என்று கேட்டேன். "யாரோ விரல்ல சுண்டுற மாதிரி இருக்குது அம்மிச்சி" என்று சிரித்தான். உன் தோப்பில் தேங்காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். சுண்டிய அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி அளக்கிறது. இளக்கமாக இருந்தால் மெதுவாக ஓடும், தழும்பேறி இறுகியிருந்தால் வேகமாக ஓடும். நல்ல கல்லீரல் 4, 5 என்று காட்டும். அவனுக்கு 8.6. அழற்சி அதிகமாக இருந்தாலும், சாப்பிட்டுவிட்டுப் போனாலும் இந்த எண் ஏறிவிடுமாம். அதனால் இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்றார் டாக்டர். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வர வைத்தது.

அடுத்து ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், அதாவது செம்பைச் சுமக்கும் புரதம். 20-க்கு மேல் இருக்க வேண்டியது, அவனுக்கு 8. பிறகு கண் டாக்டர் ஸ்லிட் லாம்ப் என்ற கண் பார்க்கும் கருவியை வைத்து, கருவிழியைச் சுற்றிச் செம்பு படிந்த வளையம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கல்லீரல் கோளாறோடு வரும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அந்த வளையமே இருக்காதாம். அடுத்து ஒரு முழுநாள் சிறுநீர். ஞாயிறு காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை வரை ஒரு சொட்டு விடாமல் வெள்ளைப் பிளாஸ்டிக் கேனில் பிடித்தோம். அந்த ஒரு நாள் அவனை விளையாடக்கூட வெளியே விடவில்லை. 230 மைக்ரோகிராம் செம்பு இருந்தது. 100-ஐத் தாண்டினாலே அதிகம்.

வில்சன் நோய், சரசு. உடம்புக்குள் போகிற செம்பைப் பித்தத்தோடு வெளியே தள்ள முடியாமல் கல்லீரல் தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. கடைசியாக மரபணுச் சோதனையும் அதையே உறுதி செய்தது. கல்லீரலில் ஊசியே குத்தாமல் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல மஞ்சக்காமாலைல போயிருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் தம்பியை உனக்கு நினைவிருக்கிறதல்லவா? முத்து முத்தாக எழுதுவான். 13 வயதில் கையெழுத்து கோணலானது, நடை தடுமாறியது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பாரியூரில் வேண்டிக்கொண்டோம். எட்டு மாதத்தில் போய்விட்டான். அதுவும் இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்ட விதத்தில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்கான மருந்து 1956-லேயே வந்துவிட்டதாம்.

சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று என் மகளை அண்ணன் மகனுக்குக் கொடுத்தவள் நான். இரண்டு பேரிடமும் அந்தப் பழுது ஒளிந்து இருந்திருக்கிறது. அப்படி இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சின்னவளுக்கும் உடனே பார்த்தோம். அவளுக்கு நோய் இல்லை. பேரன் மாத்திரை சாப்பிடுகிறான், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். ஆட்டு ஈரல், முந்திரி, சாக்லேட், காளான் எதுவும் கிடையாது. என் மாமியார் கொடுத்த செம்புக் குடத்தைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

இப்போது உன் பேத்தி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மஞ்சள் சில வாரம் இருப்பது உண்டு, பெரும்பாலும் தானே போய்விடும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் 14 நாளைத் தாண்டிவிட்டால் அது எந்த மஞ்சள் என்று பார்த்தே ஆக வேண்டும். வெயிலில் காட்டினால் தெரியாது. மஞ்சளைத் தரும் நிறப்பொருள் பிலிருபின். ரத்தத்தில் மொத்த பிலிருபினோடு, கல்லீரல் பக்குவப்படுத்திய டைரக்ட் பிலிருபினையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். டைரக்ட் ஏறியிருந்தால் பித்தம் கல்லீரலை விட்டு வெளியேறவில்லை என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால் நீயே பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது. குழந்தை வெளிக்குப் போன துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார். அரைத்த கடுகு போல மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல, களிமண் போல வெளுத்திருந்தால் ஒரு நாளும் காத்திருக்காதே. ஒரு நாள் மஞ்சளாகவும் ஒரு நாள் வெளுப்பாகவும் இருந்தாலும் அப்படித்தான். சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விடுகிறதா என்றும் பார். பச்சைக் குழந்தைக்குக் கறையே படக் கூடாது. தைவானில் 2004 முதல் நாடு முழுக்க ஒவ்வொரு தாய்க்கும் மலத்தின் நிறங்கள் அச்சிட்ட அட்டை கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கே பல குழந்தைகளை நேரத்தில் கண்டுபிடிக்கிறார்கள்.

பித்தக் குழாய் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. ஜப்பானில் கசாய் என்ற டாக்டர் 1959-ல் அதற்கு ஓர் அறுவை சிகிச்சையை வெளியிட்டார். 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன், நாள் போகப் போக வாய்ப்பு குறையும். தவறினால் மாற்றுக் கல்லீரல்தான். 1998-ல் டில்லியில் நம் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு இதே நோய்க்காகத்தான் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகிவிட்டது. ஆனால் அவ்வளவு தூரம் எந்த அம்மாவும் போக வேண்டாம், சரசு.

உன் பேத்திக்கு ஒன்றும் இருக்காது என்றுதான் நானும் நம்புகிறேன். இருந்தாலும் இன்றோடு 24 நாள். மிச்சம் 36.

நாளைக் காலை பொள்ளாச்சிக்கு வரும் சித்தப்பா மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கொஞ்சம் கதலிப் பழமும் வரும். நாளை சாயங்காலம் நான் போன் செய்வேன். துணி என்ன நிறம் என்று மட்டும் முதலில் சொல், மற்றதை அப்புறம் பேசலாம்.

உன்
தெய்வானை